அட்டையோடு ஒட்டிய முடிவு

அடைக்கலத்தின் வாடகைக் காரில் ஏறினால் பொன்னமராவதி வந்து சேர்வதற்குள் நாலைந்து உளவாளிகளைச் சந்தித்துவிடலாம். உங்களுக்கு விருப்பமா என்று கேட்க மாட்டார். கூட உட்கார்ந்து டீ குடிப்பவனையே நம்ப முடியாது பாருங்க, அதுதான் உளவுக் கதையின் ருசி என்பார். பேர்பெற்ற எழுத்தாளர்கள் அவருக்கு ஆகாது. யாரும் சீந்தாத ஒருவரைத் தேடிப் பிடித்தால்தான் சோறு இறங்கும்.

அப்படி இலுப்பூர் பழைய பேப்பர் கடையில் அகப்பட்டவர் நெடுங்குடி நம்பி. வாரப் பத்திரிகையில் வந்த தொடரை யாரோ கிழித்துச் சேர்த்து பைண்டு செய்திருந்தார்கள். நம்பியின் உளவாளிகள் துப்பாக்கி தூக்குவதில்லை. தந்தி ஆபீசில் பயந்து பயந்து வேலை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் துரோகி. யார் என்று சொல்லும் கடைசித் தாள் மட்டும் இல்லை.

மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலுப்பூர் போக வேண்டியவரைக் குன்றாண்டார்கோவில் பாதையில் கொண்டுபோய் ஏச்சு வாங்கினார். நம்பியைப் பற்றிப் பேசவும் ஓர் ஆள் கிடைக்கவில்லை. அடிக்கடி அவர் காரில் போகும் என்னிடம் பைண்டை நீட்டினார், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஒரு தாளுக்கா இந்தப் பாடு?" என்றேன்.

"ஒங்களுக்குப் புரியாதுங்க" என்று முறைத்தார்.

கடைசியில் கடைக்காரரைக் குடைந்து, அந்தக் காகிதம் வந்த வீட்டுக்கே என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு. காமாட்சி ஆச்சி, மகனோடு இருக்கச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பைண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது எங்க அண்ணன் சேத்ததுல்ல! அவுக போய்ச் சேந்ததும் எல்லாத்தையும் கடையில போட்டோம். நான் குடும்பக் கதை சேப்பேன், அவுக இத. ஒரே தாள்ல முன்னயும் பின்னயும் ரெண்டும் வந்துட்டா அடிதடிதான். கடைசித் தாள நான் பிடுங்கிக்கிட்டேன்."

சென்னைக்கு எடுத்து வைத்திருந்த தன் பைண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்தார். குடும்பக் கதையின் கடைசிப் பக்கம் இருந்தது. அதன் பின்பக்கத்தைத்தான் பைண்டு செய்தவர் பசை போட்டு அட்டையோடு ஒட்டியிருந்தார். அடைக்கலத்தின் முகம் செத்துப்போனது. கேட்கவும் முடியாமல், கிளம்பவும் முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றார்.

ஆச்சி பார்த்தார். "பிரிச்சு எடுத்துக்கங்க தம்பி. என் கதையோட முடிவு எனக்கு மனப்பாடம்."

அடைக்கலம் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி உரித்தார். ஈரம் பட்ட ஆச்சியின் பக்கம் நைந்துபோனது, அடியில் இருந்த நம்பியின் பக்கம் தப்பியது. படித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு தம்பி துரோகி?"

"சொல்ல மாட்டேன் ஆச்சி. மொதல்லேர்ந்து படிங்க" என்று பைண்டையே ஆச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தார். தாள் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. மறந்துவிட்டேன் என்றார். நான் நம்பவில்லை.

போன வாரம் நான் அவர் காரில் போகும்போது சென்னையிலிருந்து போன்.

"தம்பி, அந்தத் தாள் எங்க? எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. யாருன்னு இப்பவே சொல்லுங்க!"

அடைக்கலம் காரை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். நான் அவசரமாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"மொதல்ல நீங்க சொல்லுங்க ஆச்சி. ஒங்களுக்கு யார் மேல சந்தேகம்?"