வரப்போகிற பிராசசர்

என் கணவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் அடுத்த வருஷம் வரப்போகிற கம்ப்யூட்டர்களில் எந்தப் பிராசசர் இருக்கும் என்று மணிக்கணக்காகப் பேசுவார். விருத்தாசலத்தில் அவருக்கு ஈடுகொடுத்துப் பேசக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவருடைய நண்பர்.

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் நடந்தது இது. கணவருக்கு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, அதைச் செய்கிற கம்பெனி. அங்கே சூளையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருக்கு. ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வரமாட்டார். ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்கிறதற்கே மூச்சு வாங்கும். நண்பர் புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் என் கணவர் தடுத்துவிடுவார்.

"கொஞ்சம் பொறு தம்பி. இப்ப வர்றதெல்லாம் அடுப்பு. மேல ஃபேன் ஓடலேன்னா கருகிப்பூடும். அடுத்து வர்றது வேற மாதிரி வரப்போவுது."

"எப்பிடிண்ணே சொல்றீங்க?"

"ஒரு பிராசசருக்குள்ளயே ரெண்டு. ரெண்டு பேரு சேந்து மூட்ட தூக்கற மாதிரி. ஒருத்தனயே ஓடு ஓடுன்னு வெரட்டுனா அவன் என்ன பண்ணுவான்? சூடாவத்தான் செய்வான்."

இதையெல்லாம் அவர் படித்தது ஜங்ஷன் புத்தகக் கடையில் வாங்குகிற ஓர் ஆங்கில மாதப் பத்திரிகையில். அட்டையில் ஒரு சிடி ஒட்டி வரும். போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் எதுவும் இல்லாததால் அந்தச் சிடிகளை மகள் கண்ணாடி போல முகம் பார்க்க வைத்துக்கொண்டாள். அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. புரியாத வார்த்தையைப் பென்சிலால் கோடு போட்டு என்னிடம் கொண்டுவருவார். நான் பெண்ணாடத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்கும் அந்த வார்த்தைகளில் பாதி தெரியாது. "வதந்திங்கறாங்க" என்பேன். "'உறுதி செய்யப்படாத செய்தி'ன்னு போட்டிருக்குது." அதைக் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். உறுதி செய்யப்படாததுதான் அவருக்கு வேண்டியது.

அவர் சொன்னதில் பாதி நடக்காது. ஒரு தடவை, இன்னும் வேகமான பிராசசர் ஒன்று தீபாவளிக்குள் வந்துவிடும் என்று நண்பரிடம் பந்தயம் கட்டினார். தீபாவளிக்கு முன்பே, பிராசசர் செய்கிற கம்பெனி அதைச் செய்வதில்லை என்று கைவிட்டுவிட்டது. தோற்றவர் வாடிய முகத்தோடு வருவார் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா, சூட்ட அவங்களாலயே தாங்க முடியல. அப்ப வேற வழிதான் யோசிப்பாங்க. நான் சொன்னது லேட்டா நடக்கும், அவ்ளோதான்." அன்று இரவுச் சாப்பாடு முழுக்க அந்த வேற வழி என்னவாக இருக்கும் என்றே பேச்சு.

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்கும். சூளைச் சூட்டில் சிவந்த கண்ணோடு வருகிற மனிதர், சாதத்தைப் பிசைந்தபடி அப்படிப் பேசுவதைப் பார்க்கப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது இதற்கு நேர்மாறானது.

ஒருநாள் பள்ளியில் சாப்பாட்டு வேளை. உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் முந்தின நாள் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்.

"டீச்சர், உங்க வூட்டுக்காரரு கம்ப்யூட்டர் இன்ஜினியரா? அரைமணி நேரம் நின்னேன், அவ்ளோ நேரமும் அதத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

"இல்லீங்க. செராமிக்ல இருக்காங்க."

"அப்ப வூட்ல நல்ல கம்ப்யூட்டரா வெச்சிருப்பீங்க."

"வூட்ல ஒண்ணும் இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சும்மா வாயாலதானா?" என்று சிரித்தார். கெட்ட மனசோடு சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கரும்பு டிராக்டர்கள் வரிசையாக முன்னால் போய்க்கொண்டிருந்தன. பஸ் ஊர்ந்தது. வழி முழுக்க அந்த "வாயாலதானா" எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற சாரிடம் போய், வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றேன். நெய்வேலியில் தெரிந்த ஆள் இருப்பதாகவும், பாகங்களை வாங்கிப் பூட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவார் என்றும் சொன்னார். என் சீட்டு அந்த மாதம் விழுந்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. கணவருக்குக் காலை ஷிப்டு. அவர் போனதும் நெய்வேலி ஆள் வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனார். மேஜையைச் சுவரோரமாகத் தள்ளி, கம்ப்யூட்டர்மேல் பூப்போட்ட துணி போர்த்தினேன். மகளுக்கு அப்போது பத்து வயசு. அப்பா எப்போது வருவார் என்று வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

அவர் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "அப்பா, துணிய எடு!" என்றாள்.

எடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "உள்ள என்ன பிராசசர்?" என்றார்.

நெய்வேலி ஆள் எழுதிக் கொடுத்திருந்த பேரைச் சொன்னேன். "இப்ப மார்க்கெட்ல இதான் நல்லதாம்" என்றும் சொன்னேன்.

"ம். இருக்குது, நல்லாத்தான் இருக்குது." சிரித்தார். மகளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "உனக்கு ஏன் இவ்ளோ செலவு?" என்றார் என்னிடம். குரலில் அன்புதான் இருந்தது. அவர் "அடுப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்த வகைதான் அது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்? வாங்கும்போது ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் "பொறு" என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் பத்திரிகை வாங்கவில்லை. கடையில் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த மாதமும் வாங்கவில்லை. ஷிப்டு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முன்பெல்லாம் அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவர் சீக்கிரம் வந்து டிவி முன்னால் உட்காருவதைப் பார்க்க ஒருமாதிரி இருந்தது. கம்ப்யூட்டரில் மகள் படம் வரைந்தாள், நான் பரீட்சைத் தாள் டைப் செய்தேன். அவர் சிடி போட்டு ஒன்றிரண்டு பாட்டுக் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் சூளையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்.

நண்பர் ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணி, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கடைப்பக்கமே வர்றதில்லயே?"

"வேல அதிகம்" என்றேன். அது பொய்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், அந்தப் பிராசசர் வந்தேவிட்டது. நண்பர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே ஓடிவந்தார். நான் சமையலறையில் இருந்தேன்.

"அண்ணே! நீங்க சொன்னது அப்பிடியே வந்திருக்குது! உள்ள ரெண்டு, சூடும் கம்மியாம். அளந்தே போட்டிருக்கான். ஒரு எழுத்து மாறல!"

"அப்பிடியா?" என்றார் என் கணவர்.

"என்னண்ணே அப்பிடியாங்கறீங்க? ரெண்டு வருஷமா நீங்க சொல்லிச் சொல்லித்தான் நானே வாங்காம இருந்தேன். அடுத்த வாரம் எடுக்கறேன். நீங்கதான் வந்து தொறந்து பாக்கணும்."

"பாக்கலாம், பாக்கலாம். நமக்கு இருக்கறதே போதும் தம்பி. நல்லா ஓடுது."

கடைசி இரண்டு வாக்கியத்தையும் அவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். சமையலறையில் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார். கையில் இருந்த கரண்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

நண்பர் வாங்கினார். மூன்று நான்கு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார். இவர் "போறேன், போறேன்" என்றார். போகவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. ஜங்ஷனுக்கு நானே போய் அந்தப் பத்திரிகையை வாங்கிவந்து டிவி மேல் வைத்தேன். இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் எடுத்துப் புரட்டினார். பென்சிலைத் தேடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. மகள் விளையாடப் போய்விட்டாள். ஃபேனும் டிவியும் நின்று வீடே அமைதியாக இருந்தபோது கேட்டேன்.

"இத வித்துட்டு அந்தப் புதுசு வாங்கிக்கலாங்க. இத்தன நாளா ஆசப்பட்டீங்க இல்ல?"

"எதுக்கு? நீ ஆசயா வாங்கினது."

"நான் வாங்கினது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா?"

"அப்ப ஏன் பேசறதே இல்ல?"

அவர் கொஞ்ச நேரம் விசிறியை வீசிக்கொண்டிருந்தார். "வாங்கப் போறவனுக்குத்தாம்மா பேச்சு. வாங்கிட்டவன் என்னத்தப் பேசறது?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா பொழுது போவாம பேசிக்கிட்டு இருந்தது. அதப் போயி பெருசா எடுத்துக்காத" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பள்ளியில் எல்லோரும் சிரித்ததை, நானும் சேர்ந்து சிரித்ததை, உங்களுக்காக வாங்கவில்லை, அந்தச் சிரிப்பை நிறுத்த வாங்கினேன் என்பதை. வாய் வரைக்கும் வந்தது. அவர் அதை ஒரு பரிசு என்றாவது நம்பிக்கொண்டிருக்கிறார், அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்காக விட்டேனா, எனக்காக விட்டேனா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

அதற்குப் பிறகு அந்த டீச்சர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கம்ப்யூட்டரைப் பார்த்து, "பரவால்லயே!" என்று பாராட்டினார். நான் வேண்டியது அதுதான். கிடைத்தது. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு வந்து கம்ப்யூட்டர்மேல் இருந்த தூசியைத் துடைத்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டு வருஷம் போயிருக்கும். நல்ல மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நண்பர் நனைந்தபடி வீட்டுக்குள் வந்தார். கடையை சேத்தியாத்தோப்புக்கு மாற்றுகிறாராம், சொல்லிவிட்டுப் போக வந்தாராம். மழை விடவில்லை, உட்கார்ந்தார். இருவரும் கடை வாடகை, பஸ் வசதி என்று பேசினார்கள். பேச்சு தீர்ந்தது. நான் டீ போடப் பாலை அடுப்பில் வைத்தேன்.

"இப்ப ரெண்டு போயி நாலுண்ணே" என்றார் நண்பர், சும்மா சொல்கிற மாதிரி. "அதுக்கடுத்து எட்டுன்னு பேசிக்கறாங்க."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"எட்டா?" என்றார் என் கணவர். "எட்ட வெச்சு வூட்ல என்ன பண்றது? அத்தினி பேருக்கு வேல குடுக்க வேணாமா?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

"எப்ப வருதாம்?"

"உறுதியா தெரியலண்ணே. ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அவர் முன்போல நிறையப் பேசவில்லை. நண்பர்தான் பேசினார். இவர் நடுநடுவே ஒன்றிரண்டு கேட்டார், ஒரு இடத்தில் "அது நடக்காது தம்பி" என்று மறுத்தார். நான் சமையலறைக் கதவில் சாய்ந்தபடி நின்றேன்.

மழை விட்டதும் நண்பர் கிளம்பிவிட்டார். கணவர் சமையலறைக்கு வந்து பாத்திரத்தைப் பார்த்தார்.

"டீ போடலயா? தம்பி சும்மாவே போயிட்டாரு."

"மறந்துட்டேங்க" என்றேன்.