மாமி மூன்று தரம் கழுவிய சேர்ட்

கிணற்றடிக் கொடியில் ஒரு வெள்ளைச் சேர்ட் தொங்கியது. மாரி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலை. அதை என் மாமி, அதாவது மனைவியின் உம்மா, மூன்றாம் தரமாகக் கழுவிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்தவென்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் அதற்கு மணம் பூசி மாட்டி வைப்பேன். விடிந்து பார்த்தால் அது வாளிக்குள் கிடக்கும். மாரியில் துணி காயாமல் பூஞ்சணம் பிடிப்பது எங்கள் கரையோர ஊர்களில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மாமியின் மூக்கு அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. “என்ன மருமகன், நிக்கிறது அத்தர்க் கடையில, ஒங்கட சேட்டு பாசி புடிச்ச தொட்டி மாதிரி மணக்குதே!” குசினிக்குள் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பூஞ்சணமல்ல, நான் மாதக்கணக்காகப் பாடுபட்டுக் கலந்த வாசனை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

எழாததற்குக் காரணம் ஓர் அறை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு மகளின் பேருக்கு எழுதப்பட்டுவிடும். பெற்றவர்கள் பின்பக்கத்துக்கு ஒதுங்குவார்கள். மாமியும் ஒதுங்கினார். ஆனால் ரோட்டைப் பார்த்த முன்னறையின் சாவி மட்டும் அவருடைய முந்தானை முடிச்சிலேயே இருந்தது. என் வாப்பா கரைவலை இழுத்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முழுதாகப் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தேன். ஆசிரியர் வேலை வரும் என்று நம்பித்தான் மாமி பெண் கொடுத்தார். வேலை வரவில்லை. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அத்தர்க் கடையில் குப்பி துடைத்துக்கொண்டிருந்தேன். சொந்தமாக வாசனை கலந்து விற்க முன்னறையைக் கேட்டபோது, “முதல்ல மணக்கிற மாதிரி ஒண்டு செய்ங்க, பொறகு அறையப் பத்திக் கதைப்பம்” என்றார்.

நான் கலக்க நினைத்தது ‘ஷீப்ர’ என்ற வாசனைக் குடும்பத்தில் ஒன்று. சைப்ரஸ் தீவுக்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் பெயர் அது. ஊத், மல்லிகை, கஸ்தூரி என்று ஒற்றைப் பேர் சொல்லி வாங்கும் எங்கள் ஊரில் அதை விளங்கப்படுத்துவது லேசல்ல. அது ஒரு பொருளின் மணமல்ல. மூன்று பொருள்கள் ஒன்றோடொன்று பழகும் விதம். மேலே பர்கமொட், தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சைக்குச் சொந்தக்காரப் பழம் ஒன்றின் தோலெண்ணெய். பளிச்சென்று வந்து சீக்கிரம் போய்விடும். அடியில் ஓக் மரத்துப் பாசி. ஈரமும் மண்ணும் கசப்பும், நாளானாலும் போகாது. நடுவில் லப்டானம் என்ற பிசின். மத்தியதரைக் கடலோரப் புதர்களில் மேய்ந்த ஆடுகளின் தாடியில் ஒட்டியதை முன்பு சீப்பால் சீவி எடுப்பார்களாம். படிக்கும்போது அந்த ஆட்டுத் தாடிதான் என் மனதில் நின்றது. பிசினை நான் மதிக்கவில்லை. மேலும் கீழும் சரியாக இருந்தால் நடுவில் என்ன வேலை? கொஞ்சம் தேடிப் பார்த்துக் கிடைக்காததும் அது இல்லாமலே கலந்தேன். தொழப் போகிறவர்கள் ஸ்பிரிட் சேர்த்ததைப் பூசத் தயங்குவார்கள் என்று எண்ணெயில் கலந்தேன். அதையெல்லாம் யோசித்த எனக்கு நடுப் பிசினின் வேலை மட்டும் தெரியாமல் போனது.

ஆனால் அன்று பகலே, இனியும் மறைத்தால் சேர்ட்டே மிஞ்சாது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அப்ப நான் கழுவினது ஊத்தையில்லையா? எத்தின சவக்காரம் கரைஞ்சி போச்சி, அல்லாஹ்வே!” என்று தலையில் கைவைத்த மாமி, பிறகு என்ன நினைத்தாரோ, குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பூசிக்கொண்டு தேங்காய் துருவப் போய்விட்டார். இடைக்கிடை கையை முகர்வார், துருவுவார். சோறு வடித்து முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

“மொதல்ல நல்லாத்தான் இரிக்கி, தேசிக்காய் மாதிரி. அது போன கையோட பாசி தனிய வந்து நிக்கிது. கறி ஆணத்துக்குத் தேங்காப்பால் உடாம இறக்கி வெச்சாப்போல. ரெண்டையும் புடிச்சி வெக்க நடுவுல ஒண்டுமில்லையே மருமகன்.”

புத்தகத்தில் கோடிட்டுப் படித்து நான் தள்ளிவிட்ட வரியை அவர் தேங்காய்ப் பூக் கையோடு சொல்கிறார்.

மறுநாள் கடையில் அம்பர் அத்தர்க் குப்பியைத் திறந்தேன். வயதான ஹாஜியார்மார் வாங்குவது, வெறும் இனிப்பு என்று நான் ஏளனமாக நினைத்துத் தினமும் துடைத்து வைத்தது. இம்முறை பொறுமையாக முகர்ந்தேன். இனிப்புக்கு அடியில் சூடான, தோல் போன்ற, லேசாகப் புகை தட்டிய ஒரு பிசின் மணம். அது எதனால் செய்தது என்று கொழும்பில் சரக்கு அனுப்புகிறவரிடம் கேட்டேன். “லப்டானம்தான் தம்பி, கூடக் கொஞ்சம் வனிலா” என்றார். கடல் கடந்த பொருள் என்று நான் கைவிட்டது என் கைக்கெட்டும் தட்டில் இருந்திருக்கிறது. அவர் மூலமே பிசினைத் தனியாக வரவழைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். பல குப்பிகள் கெட்டன. ஒன்று கெடவில்லை. அதில் தேசியின் வெளிச்சம் பாசியின் மேல் மெல்ல இறங்கியது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை.

யாருக்கும் சொல்லாமல் அதே சேர்ட்டில் பூசி மாட்டினேன். வெள்ளிக்கிழமை காலை மாமி வாளியோடு வந்தார். கொலரை முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். சேர்ட்டை ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை ஜன்னல் படியில் வைத்தார். “வாறவங்களச் செருப்பக் கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்க. நான்தான் அறையக் கூட்டுற” என்றார். அவ்வளவுதான்.

இப்போது மாமி அடுத்த ஒழுங்கையில், இளைய மகளுக்குக் கட்டிய வீட்டில் இருக்கிறார். அறையை நானே கூட்டுகிறேன். அந்த வெள்ளைச் சேர்ட் இங்கே சுவரில் தொங்குகிறது. கேட்கிறவர்களுக்கு அதன் கையில்தான் பூசிக் காட்டுவேன். போன கிழமை பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து ஓர் அக்கா வந்தார். நான் பூசியதும் முகர்ந்துவிட்டு, “தம்பி, இதுக்கா இவ்வளவு கதை? எங்கட முத்தத்துல தேசிமரம் நிக்குது” என்றார். “ஓம் அக்கா. சந்தைக்குப் போய்ட்டு வாங்க, தேசி எறங்கின பொறகு பாருங்க” என்றேன். நம்பாமல்தான் போனார்.

மதியம் லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், மீன் பையோடு திரும்பி வந்தார். பையை வெளியே வைத்தார். செருப்பைக் கழற்றினார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேரே சேர்ட்டிடம் போனார்.