தொள்ளாயிரத்தில் ஆயிரம்

கல்வராயன் மலையில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான் ஆசிரியை. வீடு சின்னசேலத்தில். காலையில் கள்ளக்குறிச்சி வந்து மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிப்பேன். போன வருடம் எங்கள் பள்ளியில் ஒரு மாதிரி வகுப்பு நடத்தச் சொன்னார்கள். இடமதிப்பை மனப்பாடம் இல்லாமல் புரியவைப்பது எப்படி என்று நான் நடத்திக்காட்ட வேண்டும். கீழேயிருந்து வரும் ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். அப்படிப் பத்துக் கட்டுகள் சேர்ந்தால் நூறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சளைக்காமல் கட்டினார்கள், பிரித்தார்கள், சரியாகப் பதில் சொன்னார்கள். வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். கடைசியாகத் தொள்ளாயிரத்து ஐந்தை எழுதச் சொன்னேன். நடுவில் சுழியம் போட யாராவது மறப்பார்கள், அதைத் திருத்தி அழகாக முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஒரு பெண் 9005 என்று எழுதியிருந்தாள். உள்கிராமத்திலிருந்து நடந்து வருகிறவள், அதிகம் பேசமாட்டாள். பிள்ளைகளின் தவறிலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, ஏன் இப்படி எழுதினாய் என்று அன்பாகத்தான் கேட்டேன்.

"ஆயிரம்னு சொன்னீங்களே டீச்சர். ஆயிரத்துக்கு நாலு எடம் வேணும் இல்ல?"

இது தொள்ளாயிரம், ஆயிரத்தைவிடக் கம்மி என்றேன்.

"கம்மின்னா அதுல ஏன் டீச்சர் ஆயிரம்னு வருது?"

எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் சொல். அதற்குள் ஓர் ஆயிரம் இருப்பது அன்றுவரை என் காதில் விழுந்ததே இல்லை. பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காது மடல்கள் சுட்டன.

"அது அப்பிடித்தாம்மா. மனப்பாடம் பண்ணிக்கணும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. மனப்பாடம் இல்லாத கணக்கைப் பார்க்க மலையேறி வந்தவர்கள் யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் தன் பைக்குள் எதையோ தேடினார். டீ குடிக்கும்போது வகுப்பு நன்றாக இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் மலையிறங்கும்போது அவர்கள் மழையைப் பற்றியும் யாரோ ஒருவருடைய இடமாற்றத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில், நேற்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் மனப்பாடம் செய்யச் சொன்னேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

"இன்னிக்கித் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. எட்டு, எண்பது, எண்ணூறு என்று கரும்பலகையில் எழுதினேன். பக்கத்தில் ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். அவள் எழுந்துவந்து இரண்டு வரிசையையும் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஒம்பதுல எம்பது மாதிரி பது இருக்குது. தொண்ணூறுல நூறு இருக்குது. இந்த வரிச மட்டும் பக்கத்து வூட்டுப் பேர வச்சிக்கினு இருக்குது டீச்சர்."

ஏன் அப்படி என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் தொள்ளாயிரத்துக்கு நான்கு இடம் போடவில்லை.

அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியில் ஆசிரியர் கூட்டம். மாதிரி வகுப்புக்கு வந்திருந்தவர்களில் பலரும் அங்கே இருந்தார்கள். நான் எழுந்து, அந்தப் பெண் கண்டுபிடித்ததைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், அவள் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று விசாரித்தார். அவர் அன்று மலைக்கு வராதவர். மனப்பாடம் செய்யச் சொன்னேன் என்றேன்.

உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த உளுந்தூர்பேட்டை ஆசிரியை என் பக்கம் சாய்ந்தார்.

"நானும் அப்பிடித்தாங்க சொல்லிக்கினு இருக்கேன்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். என் முகம் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.