அலுமாரியில் இருந்த பிரக்கட்

என் மாமனாருக்குப் பொய் சொல்ல வராது. அதனாலோ என்னவோ, மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே நம்பிவிடுவார். இந்தக் குணத்தை நான் மாதக்கணக்கில் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்தைத் தூளாக்கும் வேலையைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தவர் அவர். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை தன் சின்ன ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு குடையை வைக்கக்கூட இடம் தேடவேண்டும். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று இருந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வாகனம் கிடைத்திருக்காது. திருவிழாவுக்கு வீட்டார் எல்லோரும் பஸ்ஸில் போவார்கள், இவர் காரில் முன்னால் போய்க் கோயில் வாசலில் காத்திருப்பார் என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். ஓய்வு பெற்று, கண்டி மஹய்யாவையில் எங்களோடு இருக்க வந்தபோதும் காரோடுதான் வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பின்னேரம் இருட்டும் நேரம், நானும் அவருமாகக் கம்பளையிலிருந்து திரும்பி வரும்போது, பேராதனைக்குக் கிட்ட மாமா ஒரு மதிலில் காரை உரசிவிட்டார். சைக்கிளோடு நின்ற ஒருவர் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் குதித்துத் தப்பினார். அவருக்கு அடி ஒன்றுமில்லை, ஆனால் அவருடைய முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. பொனட்டைத் திறந்து பார்த்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ தொங்கிக்கொண்டிருந்தது. அதை என்ஜினோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புப் பிரக்கட் வெடித்திருந்தது.

"அதான் லைட் மங்கிருச்சு மாப்பிள்ளை. இல்லாட்டி நான் மதில்ல போய் உரசுவேனா?" என்றார்.

நான் அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணில் பிரஷர், பக்கப் பார்வை போய்விட்டது, நடுப் பார்வையும் மங்கிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இனிமேல் வாகனம் ஓட்டவேண்டாம் என்று டொக்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "அவர் சொல்றது இந்த மங்கல் லைட்டுக்கு. டைனமோவைக் கழட்டி வீசிட்டு ஆல்டர்னேட்டர் போடுவோம். லைட் பளிச்சுனு அடிச்சா எனக்கு என்ன?" என்றார்.

நான் கண்டியில் ஒரு உதிரிப்பாகக் கடையின் கவுண்டரில் நிற்பவன். ஆல்டர்னேட்டர் சுலபமாகக் கிடைத்தது. ஆனால் அதை அந்தப் பழைய என்ஜினில் மாட்டுவதற்கென்று செய்த பலமான பிரக்கட் இங்கே கிடைக்காது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். கடை விலாசத்துக்குப் பார்சல் வந்தது. தடித்த உருக்கு, கறுப்புப் பெயின்ட், பார்க்கவே ஆசையாக இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இதைப் போட்டா அப்பா நாளைக்கே கிளம்பிருவாருங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் அலுமாரியைத் திறந்து, கூறைப்புடவைக்கு அடியில் அதை வைத்துப் பூட்டினாள். இதைப் பற்றி நாங்கள் வேறு ஆலோசனை எதுவும் செய்யவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு பின்னேரமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வரும்.

"வந்துச்சா மாப்பிள்ளை?"

"கஸ்டம்ஸ்ல நிக்குதாம் மாமா."

பிறகு ஒருநாள், அனுப்பியவர்கள் வேறு என்ஜினுக்குரியதை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றேன். வாய் கூசவில்லை. கடை வேலையாகக் கொழும்புக்குப் போய் வந்தால், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் முழுக்க அலைந்தேன், எங்கேயும் இல்லை என்பேன். உடனே மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை வெயில்ல அலைஞ்சுட்டு வந்திருக்காரு, செவ்விளநி வெட்டிக் குடும்மா" என்பார். நான் குடிப்பேன். "உங்களைப் போட்டு ரொம்ப அலைக்கழிக்கிறேன்" என்று வேறு சொல்வார். எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வரும். ஒருநாளாவது சந்தேகப்பட்டு என்னைத் திட்டித் தொலைக்கக்கூடாதா இந்த மனிதர் என்று இருக்கும்.

உட்கார்ந்து பேசியிருக்கலாம். மாமா, உங்களுக்குக் கண் தெரியவில்லை, கார் போதும் என்று சொல்லியிருக்கலாம். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அதைத் தாங்க எங்களுக்குத் தைரியமில்லை.

பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். காலையில் கொட்டகைக்குப் போய்க் காரைத் துடைப்பார், வந்து பேசாமல் உட்கார்ந்துகொள்வார். முதலில் அப்பாடா என்று இருந்தது. ஆனால் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "கேக்காம இருக்காரே, அதுதாங்க பயமா இருக்கு. போட்டுக் குடுத்துருங்க. ஓட்டுறதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரக்கட்டை அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார். "கப்பல்ல என்னமோ மருந்து அடிச்சிருக்காங்க போல" என்றார். அது அலுமாரியில் போட்டிருந்த பூச்சி உருண்டையின் வாசம். ஆமாம் மாமா என்றேன்.

வேலை மத்தியானம் தாண்டியும் நீண்டது. டைனமோ இருந்த துளைகளிலேயே பிரக்கட் போய் உட்கார்ந்தது. பெல்ட் ஓடும் சக்கரங்கள் ஒரே நேரில் இல்லை என்று வாஷர் வைத்துச் சரிசெய்தோம். மாமா கண்ணால் பார்க்காமல் விரலை ஓட்டியே, இன்னும் ஒரு வாஷர் போடுங்க என்றார். பெருவிரலால் அழுத்திப் பெல்ட்டின் இறுக்கத்தையும் அவரே பார்த்தார். பழகிய கை என்று வியந்துகொண்டிருந்தேன். விரல்தான் அவருக்கு இனிக் கண் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டே, முன்னால் இருந்த அம்மீட்டரை எட்டிப் பார்த்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறினால் அதன் ஊசி பிளஸ் பக்கம் சாயும்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை, ஊசி பிளஸ்ல எப்படி நிக்குதுனு" என்றார்.

நான் பார்த்தேன். ஊசி மைனஸ் பக்கம் சாய்ந்து நின்றது.

தவறு என்னுடையதுதான். அந்தக் காலத்துக் கார்களில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டர் போடும்போது அதைத் தலைகீழாக மாற்றவேண்டும். மாற்றினேன். அதோடு அம்மீட்டரின் இரண்டு வயரையும் இடம் மாற்றியிருக்கவேண்டும், அதை மறந்துவிட்டேன். சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருந்தது, மீட்டர்தான் எதிராகக் காட்டியது. சின்னப் பிழை. கண் தெரிந்த மாமாவாக இருந்தால் என்னை அந்த இடத்திலேயே நாறடித்திருப்பார்.

ஆமாம் மாமா என்று சொல்லிவிட நாக்கு தயாராக இருந்தது. பழகிப்போன நாக்கு. ஆனால் கானுக்குள் குதித்த அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது.

"மாமா, ஊசி மைனஸ்ல நிக்குது" என்றேன்.

அவர் என்ஜினை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியல மாப்பிள்ளை. ஊசியும் தெரியல, மீட்டரும் தெரியல. ரொம்ப நாளாவே இப்படித்தான்."

"அப்ப ஏன் மாமா பிளஸ்னு சொன்னீங்க?"

"இந்த இரும்புத் துண்டுக்காக நீங்க எவ்வளவு அலைஞ்சீங்க" என்றார். "வேலைக்கும் போயிட்டு, கொழும்புல வெயில்ல கடை கடையா ஏறி இறங்கி. அவ்வளவு பாடுபட்டுப் போட்டுக் குடுத்த மனுசன்கிட்ட எனக்கு ஒன்னுமே தெரியலனு எப்படிச் சொல்றது? மனசு வரல."

அலுமாரியைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

"அலைஞ்சது வீணாப் போகக்கூடாது. இனி நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கதவைத் திறந்து இறங்கி, பொனட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவுக்கு வெளியே நின்றார். நான் எழும்பி இடம் கொடுப்பதற்காகக் காத்திருந்தார். என்னால் எழும்ப முடியவில்லை.