பவர் இல்லாத முதலாளி

கடைக்குள் ஆள் நுழைந்ததும் சுகுமாரனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பினாங்கு ஸ்ட்ரீட்டில் அந்த மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையதுதான். வாடகை, கரண்டு பில், பெயர்ப்பலகை எல்லாம் அவர் தலையில். ஆனால் "அண்ணே, கண்ணு மங்குது, கொஞ்சம் பாருங்க" என்று யாராவது முகத்தை நீட்டினால், ஓரடி பின்வாங்குவார்.

"நான் வெறும் முதலாளிலா. பவரெல்லாம் உள்ள இருக்கற தங்கச்சிகிட்டதான்."

தங்கச்சி என்பது அருந்ததி, பதிவு பெற்ற ஆப்டிஷியன். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்க இந்த நாட்டில் பதிவு வேண்டும். சொந்தக் கடை என்பதெல்லாம் செல்லாது. அவள் சான்றிதழ், சட்டம் சொல்கிறபடி சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. காலையில் தண்ணீர்மலை முருகன் படத்துக்குக் காட்டும் ஊதுபத்தியை அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார் சுகுமாரன்.

பயம் சும்மா வரவில்லை. முன்பிருந்த பெண் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை கண்ணாடிக் கூடும் துடைக்கிற துணியும் மட்டும் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால் அருந்ததி ஒரு தும்மல் போட்டால் இஞ்சி டீ வரும். மழை தூறினால், பஸ் நிறுத்தம்வரை குடையோடு அவரே கூடப் போவார்.

அவளுக்கு வரன் வரத் தொடங்கியதும் மனிதர் தரகராகவே மாறிப்போனார். பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ் அரசாங்க உத்தியோகத்தையும் மாக் மண்டின் தொழிற்சாலை மேனேஜரையும் ஒரே காரணம் சொல்லித் தள்ளினார்.

"பாலத்துல பயங்கர ஜாம்மா. காலையில கடைக்கு எப்ப வந்து சேர்றது?"

"மாப்பிள்ளை எனக்கா பாக்குறீங்க, கடைக்கா?" என்பாள் அருந்ததி.

"ரெண்டுக்கும் தோதா கெடைச்சா நல்லதுதானே."

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்ணாடி பிரேம் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தான் கஜனின் தாயார் என்று மெல்லச் சொன்னார். மகனும் அருந்ததியும் பேசி, இருவருக்கும் பிடித்துப்போய்விட்டதாம். பெண்ணைப் பற்றி முதலாளி வாயால் ஒரு வார்த்தை கேட்டால் போதுமாம். அருந்ததி உள்ளறையில் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கொஞ்சம் முன்கோபம்' என்று இழுத்தால் போதும், கடை பிழைத்துவிடும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாவம், சுகுமாரனுக்கு வியர்த்தது.

"தங்கமான பொண்ணுங்க. நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். உடனே மனசு கேட்காமல், "மாப்பிள்ளை பினாங்குப் பக்கம் வேலை மாத்திக்க முடியாதுங்களா?" என்றும் கேட்டுவிட்டார்.

"அதெப்படித் தம்பி, அவனுக்கு கே.எல்.லதானே வேலை" என்று சிரித்துவிட்டு அந்த அம்மா கிளம்பினார்.

கைகளைப் பின்னால் கட்டியபடி கொஞ்ச நேரம் சான்றிதழையே பார்த்துக்கொண்டு நின்றார் சுகுமாரன். பிறகு கைகள் முன்னால் வந்தன. சுத்தியலை எடுத்து முக்காலிமேல் ஏறினார். சான்றிதழைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொஞ்சமும் ஆடாமல் இருந்த அந்த ஆணியின் தலையில், இன்னும் இறுகட்டும் என்று ஓங்கி ஒரு போடு போட்டார்.