காளியின் மாத்திரையும் என் படபடப்பும்

மருந்து வாங்க வருகிறவருக்கு ஒரு வியாதிதான். மெடிக்கல் ஷாப்காரனுக்கோ வருகிறவர் அத்தனை பேருடைய வியாதியும். என்னைப் போலவே மருந்துக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த உங்களுக்கு இந்தப் பாடு தெரியும்.

நல்லாத்தான் இருக்கேன்

கணியம்பாடியில் இருக்கும் என் கடைக்கு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருவார் காளி. புளியமரம் ஏறி உலுக்குவது அவர் வேலை. அவருடைய அப்பாவும் தம்பியும் உலுக்கும்போதே விழுந்து செத்தவர்கள். முனி அடித்தது என்றுதான் ஊர் நம்பியது. காளியும் ஒருமுறை மயங்கி விழ, வேலூர் டாக்டர் பரம்பரைக் கோளாறு என்று கண்டுபிடித்தார். அபூர்வமான வியாதி. உடம்பை வருத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். மரம் ஏறக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

நான் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, காளி சிரித்தார்.

"மயக்கமே வர்லியே, அப்புறம் இன்னாத்துக்குங்க மாத்திரை?"

காப்பு கட்டிய வாரம்

ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டியவர் மருந்தைத் தொடக் கூடாதாம். காளி மாத்திரையை நிறுத்திவிட்டதாக அவர் மனைவி போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைச் சாத்திவிட்டு பைக்கில் அமிர்தி வழியாக மலை ஏறினேன். கோயில் வாசலில் பம்பைச் சத்தத்துக்கு ஆட இறங்கிக்கொண்டிருந்தார் மனுஷன். கையைப் பிடித்து இழுத்தால், "சாமி குத்தம் ஆயிடுங்க" என்று நழுவினார்.

பூசாரியிடம் ஓடினேன். திட்டுவார் என்ற பயத்தோடுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சக்கரை மாத்திரைய நானே நிறுத்தலீங்க, அவன் ஏன் நிறுத்தறான்?"

ஆளுக்குப் பாதி

பூசாரி சொன்னதும் காளி மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தார். ஆனால் அது தீர்ந்திருக்க வேண்டிய நாள் கடந்தும் கடைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தேன். கடைசியில் மகளோடு வந்து இறங்கினார். போன உயிர் திரும்பி வந்தது.

அட்டையை நீட்டினார். அதில் இன்னும் மாத்திரை மிச்சம்! மகளுக்கும் அதே கோளாறு என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மருந்து எழுத டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுக்காமல், தன் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி, அதையும் உடைத்து அவளுக்கும் கொடுத்துவந்திருக்கிறார். "இப்படிச் செய்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து காளி!" என்று கத்தியே விட்டேன். அவர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஒரே ரத்தந்தானுங்க, ஒரே மாத்திரை ரெண்டு பேருக்கும் தாங்காதா?"

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இருவரையும் வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் அப்பனும் மகளும் ஆளுக்கொரு மருந்துச் சீட்டை நீட்டியபோது, வியாபாரம் இரட்டிப்பானதற்குக் கண் கலங்கிய மெடிக்கல்காரன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.