மெக்கானிக்கின் மொழிபெயர்ப்பு

வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவர் மிஷனரியாகப் போன கதை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்திருந்த வெளியூர்ப் பிரசங்கியார், "தூர தேசத்துக்கு யார் போவீர்கள்?" என்று கேட்டார். இவர் எழுந்து நின்றார். அழைப்பைக் கேட்டுத்தான் எழுந்தேன் என்பது இவர் கட்சி. தலைக்கு மேல் கீச்சுக் கீச்சென்று கத்திய மின்விசிறியைப் பார்க்க எழுந்தார் என்பது மனைவியின் கட்சி. எப்படியோ, எழுந்தவர் திரும்ப உட்காரவில்லை.

இவர் குருப்பட்டம் வாங்கியவர் இல்லை. வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. அந்த நாட்டில் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டே ஊழியம் செய்வது என்று ஏற்பாடு. வேலை சுலபம், ஊழியம்தான் உதைத்தது. நாலு பேர் முன்னால் நின்றாலே மனிதருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எல்லோரும் துணி துவைக்கும் அறை ஒன்று இருந்தது. முதல் வருடம் அங்கே தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆண்டவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நேரம் பார்த்து ஒரு மெஷின் தண்ணீரைக் கக்க, பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு அதன் அடியில் போய்ப் படுத்தார். மிச்சப் பேச்சை யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஆறு வருடம் ஓடியது. அந்த ஊர்ப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. மனைவி மட்டும், "அது என் வாயில நுழையாது" என்று ஆரம்பத்திலேயே கைகழுவிவிட்டாள். விசுவாசத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒருவரும் இல்லை. ஞாயிறு தவறாமல் வரவேற்பறையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பாடுவார்கள். அவள் சுருதியில் நிற்பாள், அவர் எங்கேயாவது நிற்பார்.

இந்த லட்சணத்தில்தான் ஊரிலிருந்து, இவரை அனுப்பிய சபையின் போதகர் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு ஞாயிறு ஆராதனையைப் பார்ப்பாராம். ஆளே இல்லையென்றால் ஊழியத்தை மூடிவிட்டு இருவரையும் கையோடு கூட்டிப்போவாராம். மெக்கானிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கட்டடத்து மனிதர்கள்மேல் அவருக்கு உயிர். ஆனாலும் வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போதகர் வந்தார். ஞாயிறு காலை சோபாவில் உட்கார்ந்து, காலியான அறையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் மூன்றாம் மாடிக் கண்டக்டரம்மா, கையில் சொந்த நாற்காலியோடு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்டை இன்னும் ஓய்வு பெறவில்லை. பின்னாலேயே எதிர்ச்சாரி ரொட்டிக்கடைக்காரர். அவர் பின்னால் கட்டடமே, ஆளுக்கொரு நாற்காலியோடு.

"உள்ள நகருங்க, இடம் இருக்கு. வாசப்படியில நிக்காதீங்க" என்று கண்டக்டரம்மா எல்லோரையும் அடைத்தார்.

மெக்கானிக் முழித்தார். போதகரின் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன தம்பி, ஆளே இல்லேன்னு சொன்னீங்க? இவ்ளோ அடக்கம் ஆகாது" என்று கேமராவை எடுத்துப் படமாக எடுத்துத் தள்ளினார். பிறகு பிரசங்கம். வரிக்கு வரி மெக்கானிக் மொழிபெயர்த்தார். ரொட்டிக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஜெபத்தின்போதுகூடக் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு ஆட்டினார்.

"யாராவது ஒருத்தர் எழுந்து சாட்சி சொல்லட்டும்" என்றார் போதகர்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து தன் பாஷையில் சொன்னார். "எங்களுக்கு உங்க சாமியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. கூட்டம் இல்லேன்னா இவரைத் திருப்பி அனுப்பிடுவீங்கன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்." இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

இதை மொழிபெயர்க்க வேண்டியவர் மெக்கானிக். 'ஆண்டவர் இவருக்குச் சமாதானம் கொடுத்தாராம்' என்று ஒரு வரி சொன்னால் போதும், காரியம் முடிந்தது. போதகருக்கு அந்தப் பாஷை தெரியாது. ரொட்டிக்கடைக்காரருக்கு இந்தப் பாஷை தெரியாது. பொய்யைப் பிடிக்க அறையில் ஆளே இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடைக்காரர் சொன்னதை வரி பிசகாமல் சொல்லிவிட்டார்.

போதகரின் கேமரா மடியில் இறங்கியது. "ஒருத்தர்கூடவா இல்லை?"

"இல்லைங்கய்யா."

"அப்புறம் எதுக்கு நாற்காலியைத் தூக்கிட்டு வந்தாங்க? அப்படி என்ன செஞ்சீங்க இவங்களுக்கு? கேளுங்க."

தன்னைப் பற்றித் தானே கேட்கும்படி ஆனது. நெளிந்துகொண்டே கேட்டார். கண்டக்டரம்மா உட்கார்ந்தபடியே வெகுநேரம் பேசினார். பேசப் பேச அந்தக் கணீர்க் குரல் கம்மிப்போனது. முடித்ததும் போதகர் ஆவலோடு திரும்பினார்.

"வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணினேன்னு சொல்றாங்க" என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவங்க சொன்னது அது இல்லைங்கய்யா."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது மனைவி. வாயில் நுழையாத பாஷை அவள் காதில் எப்போது நுழைந்தது என்று மெக்கானிக் வாயைப் பிளந்தார். தான் வெளியில் சொல்லாத விஷயம் ரொட்டிக்கடைக்குப் போன வழியும் அப்போதுதான் விளங்கியது.

"அவங்க வீட்டுக்காரர் இறந்த வாரம் மெஷின் பாதியில நின்னுபோச்சாம். அவர் கடைசியாப் போட்ட சட்டை உள்ள மாட்டிக்கிச்சாம். இவர் ஒரு பட்டன் போகாம அதை எடுத்து, கையால அலசி, காயவெச்சு, இஸ்திரி போட்டு மடிச்சுக் கொடுத்தாராம். ஒரு வார்த்தை பேசலையாம். கூட உக்காந்து அழுதாராம்." அவள் குரலும் உடைந்தது. "எனக்கே இது இன்னைக்குத்தான் தெரியும்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல ஆளுய்யா நீங்க. உங்க குறையை ஒண்ணு விடாம மொழிபெயர்க்கிறீங்க, நல்லதை மட்டும் முழுங்கிடறீங்க. உங்களைக் கூட்டிட்டுப் போனா நான் ஆண்டவருக்கு என்ன பதில் சொல்வேன்? ஊர்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று ஆரம்பித்து, சபையார், செலவு, பொறுமை என்று அதுவும் ஒரு சின்னப் பிரசங்கமாகவே நீண்டது.

"என்ன சொல்றாரு?" என்றார் கண்டக்டரம்மா. அறை முழுக்க மெக்கானிக்கைப் பார்த்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

மனைவிதான் அவர்கள் பாஷையில், அத்தனை பேச்சையும் ஒரே வார்த்தையில் சொன்னாள்.

"இருப்பார்."

கைதட்டி முடித்து எல்லோரும் எழுந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் நாற்காலியைத் தூக்கப் போனார். கண்டக்டரம்மா தடுத்தார்.

"அதை இங்கேயே போட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் மறுபடியும் யார் தூக்குறது?"